11 வருஷம் மரம் ஏறியாச்சு, சர்ட்டிபிகேட்டுக்கு ஏஜென்ட்கிட்ட காசு கட்டணுமா?

கேள்வி: சார், ஊரு புதுக்கோட்டை பக்கம், சிங்கப்பூர் வந்து 11 வருஷம் ஆச்சு. முதல் 4 வருஷம் ஒரு கம்பெனியில புல்லு வெட்டு, நடுநடுவுல மரம். அது மூடிட்டாங்க. இப்போ இருக்கற கம்பெனியில 7 வருஷமா மரம் மட்டும் தான். கயிறு போட்டு ஏறுவேன், செயின்சா பிடிப்பேன், பூம் லிஃப்ட் ஓட்டுவேன். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். சர்ட்டிபைடு ஆர்பரிஸ்ட், அதாவது மரம் பராமரிக்கறதுல சர்ட்டிபிகேட் வாங்குன நிபுணர் ஆனா சம்பளம் ஏறும்னு சொல்றாங்க. ஒரு ஏஜென்ட் 2,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குடுத்தா சர்ட்டிபிகேட் எடுத்து தந்து, எஸ் பாஸும் (ஒர்க் பெர்மிட்டுக்கு மேல உள்ள வேலை அனுமதி) போட்டு தரேங்கறாரு. பத்தாவது படிச்சவனுக்கு குடுப்பாங்களா, காசு கட்டலாமா?

பதில்: தம்பி, கட்டாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம், இதை படிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த ஆளு போன் பண்ணி "இன்னிக்கு தான் லாஸ்ட் டேட்"னு சொன்னாலும் கட்டாதீங்க. இந்த பரீட்சைக்கு ஏஜென்ட்னு ஒரு ஆளே கிடையாது, நீங்களே நேரா விண்ணப்பம் போடுறது தான் முறை.

நீங்க கேக்கற சர்ட்டிபிகேட் ஐ.எஸ்.ஏ குடுக்கறது, அதாவது இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்பரிகல்ச்சர், 1924ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச சங்கம். சிங்கப்பூர்ல பூங்கா, மரங்களை பாத்துக்கற அரசு அமைப்பான என்பார்க்ஸும் மர வேலை கம்பெனிகளும் பெருசா மதிக்கறது இதைத்தான். இதுக்கு பத்தாவதும் வேண்டாம் பன்னிரண்டாவதும் வேண்டாம், மரத்துல 3 வருஷம் முழுநேர வேலை பாத்த அனுபவம் இருந்தா பரீட்சை எழுதலாம். மரம் சம்பந்தமா டிகிரி, டிப்ளமா வச்சிருக்கறவங்களுக்கு வருஷ கணக்கு குறையும், அது உங்களுக்கு தேவையில்ல விடுங்க. உங்ககிட்ட 7 வருஷம் இருக்கு, பழைய கம்பெனி கணக்கை தொடவே வேண்டாம், புல்லு வெட்டுன காலத்தை எல்லாம் மரக் கணக்குல சேத்து எழுதி மாட்டிக்காதீங்க.

இதுல உண்மையான தடை ரெண்டு. ஒண்ணு கம்பெனி லெட்டர், இன்னொண்ணு இங்கிலீஷ். இந்த ரெண்டையும் அந்த 2,800 வெள்ளி தீர்த்து வைக்காது, அதனால தான் கட்டாதீங்கன்னு இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

லெட்டர் கதையை எடுத்துக்குவோம். 3 வருஷம் மரத்துல வேலை பாத்தேன்னு நீங்க சொன்னா பத்தாது, வேலை குடுத்தவங்க சொல்லணும். ஒர்க் பெர்மிட்ல ஜெனரல் ஒர்க்கர்னு இருந்தா அது எதையும் நிரூபிக்காது. லெட்டர்ல எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும், முழுநேரமா, என்னென்ன வேலைனு விவரமா இருக்கணும். கவாத்து, கயிறு கட்டி ஏறுறது, கன்னு நடுறது, மரத்துக்கு கேபிள் போடுறது, நோய் பாக்கறது, இதெல்லாம் அவங்க ஒத்துக்கற வேலை. "நல்ல பையன், நேரத்துக்கு வருவான்"னு எழுதி சீல் குத்தி குடுப்பாங்க பாருங்க, அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. என் சொந்த அனுபவம், நான் வேலை பாத்த ஒரு கம்பெனியில இந்த லெட்டருக்கு 5 மாசம் நடையா நடந்தேன். ஆபீஸ் அம்மா பாஸை கேளுங்கும், பாஸ் ஆபீஸை கேளுங்கும், கடைசியில குடுத்த லெட்டர்ல என் வேலை "கிளீனிங்"னு இருந்துச்சு. திரும்ப போய் நின்னேன். ஆளு சர்ட்டிபிகேட் வாங்கிட்டா வேற கம்பெனிக்கு ஓடிடுவான்னு ஒரு பயம் தான், வேற காரணம் இல்ல. சரி, ஓடாத அளவுக்கு சம்பளத்தை குடுக்க வேண்டியது தானே, அதை மட்டும் யோசிக்க மாட்டாங்க.

அதனால லெட்டரை நீங்களே டைப் பண்ணி கொண்டு போய் "இதை பாத்து சரினா கையெழுத்து போடுங்க பாஸ்"னு நீட்டுங்க, வேலை சீக்கிரம் நடக்கும். பொய் ஒரு வரி கூட சேக்காதீங்க. கூடவே உங்க சம்பள ஸ்லிப், வேலைக்கு சேரும்போது குடுத்த விதிமுறை காகிதம் எல்லாத்தையும் எடுத்து வைங்க. 2016 ஏப்ரல்ல இருந்து விவரமான சம்பள ஸ்லிப் குடுக்கணும்னு சிங்கப்பூர்ல சட்டமே இருக்கு, குடுக்கலைனா கேட்டு வாங்குங்க, அது லெட்டருக்கு துணையா நிக்கும்.

இன்னொரு விஷயம். இது உங்களுக்கு இல்ல, ஆனா ஊர்ல இருந்து நிறைய பேர் இதையே கேக்கறாங்க: நான் யார்கிட்டயும் வேலை பாக்கலை, சொந்தமா காண்ட்ராக்ட் எடுத்து மரம் வெட்டுறேன், எனக்கு யாரு லெட்டர் குடுப்பான்னு. குடுக்க ஆளு இல்லைனாலும் வழி இருக்கு. சொந்தமா தொழில் பண்றவங்க பில்லு, ஒப்பந்த காகிதம், தொழில் பதிவு இந்த மாதிரி காட்டலாம். ஆனா நம்ம ஊர்ல யாரு பில்லு போடுறோம்? தென்னந்தோப்புக்காரர் வெத்தலை பாக்கோட பணத்தை குடுப்பாரு, வாங்கி மடியில கட்டிட்டு வந்துடுவோம். அதனால இப்போ இருந்தாவது 100 ரூபாய் பில்லு புத்தகம் ஒண்ணு வாங்கி, எந்த ஊரு, என்ன மரம், எத்தனை, வெட்டுனதா கவாத்தானு எழுதி கையெழுத்து வாங்குங்க. பேங்க் மூலமா பணம் வந்தா இன்னும் நல்லது. ஒண்ணு கவனிங்க, மரத்தை அடியோட அறுத்து சாமில்லுக்கு ஏத்துறது வேற, மரத்தை உயிரோட வச்சு பராமரிக்கறது வேற. ஐ.எஸ்.ஏ கேக்கறது ரெண்டாவது வேலையை. பில்லுல "வேப்பமரம் காஞ்ச கிளை கவாத்து"னு இருக்கணும், வெறுமனே "மரம் வெட்டு கூலி"னு இருந்தா அது விறகு கணக்கு மாதிரி தான் தெரியும். 3 வருஷம்னா 36 மாசம், அந்த 36 மாசமும் காகிதத்துல தெரியணும்.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். இங்கிலீஷ். இந்த பரீட்சை ஸ்பானிஷ்ல எல்லாம் இருக்கு, தமிழ்ல கிடையாது. சிங்கப்பூர்ல தமிழ் ஆட்சிமொழி, மழையில கயிறுல தொங்குறதுல பாதி நம்ம ஆளுங்க, ஆனா பேப்பர் தமிழ்ல இல்ல. 200 கேள்வி, நாலு விடையில ஒண்ணை தேர்ந்தெடுக்கணும், எழுதறது ஒண்ணும் இல்ல, ஆனா படிச்சு புரியணும். மரத்தோட உடல்கூறு, மண், நடவு, கவாத்து, நோய், ஆபத்து கணிப்பு, கட்டட வேலைக்கு நடுவுல மரத்தை காப்பாத்துறது, பாதுகாப்புனு பல பகுதி. ஏறத் தெரியாத டிப்ளமா பையன் ஏசி ரூம்ல உக்காந்து பாஸ் பண்ணிடுவான், தூங்குமூஞ்சி மரத்தை கீழ நின்னு பாத்தே எந்த கிளை வரும்னு சொல்ற ஆளு பெயிலாவான். இந்த முறை மேல எனக்கு கோவம் உண்டு.

ஆனா ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காதீங்க. அனுபவசாலிங்க பெயிலாகறதுக்கு இங்கிலீஷ் மட்டும் காரணம் இல்ல. கம்பெனியில எப்படி பண்றோமோ அதையே விடையா போட்டுட்டு வந்துடறாங்க. வெட்டுன இடத்துல பெயின்ட் அடிக்கறோம், ஊர்ல சாணி பூசுவோம், புத்தகம் அதெல்லாம் அழுகலை தடுக்காதுங்குது. கிளையை தண்டோட ஒட்டி வழவழன்னு அறுக்கறது சுத்தமா இருக்கும்னு சூப்பர்வைசர் சொல்லுவாரு, ஆனா கிளை தண்டுல சேர்ற இடத்துல மோதிரம் மாதிரி ஒரு மேடு இருக்கும் பாருங்க, அதை வெட்டவே கூடாது, அதுக்கு வெளிய தான் வெட்டணும். மனுஷனுக்கு புண்ணு ஆறுற மாதிரி மரத்துக்கு ஆறாது, கெட்ட பகுதியை சுவர் கட்டி அடைச்சுட்டு மேல புதுசா வளந்து மூடிக்கும், ஷிகோனு ஒரு அமெரிக்க விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரத்தை அறுத்து பாத்து 1970கள்ல சொன்னது. அந்த மேட்டை அறுத்தா மரம் கட்டுற சுவரையே நீங்க இடிச்சுட்டீங்கனு அர்த்தம். மரத்தோட உச்சியை மொட்டையா வெட்டறதும் அப்படித்தான், கூடாது. வேரு ஆழமா போகும்னு நினைப்போம், தண்ணி உறிஞ்சுற வேரு பெரும்பாலும் மேல ஒண்ணு ஒண்ணரை அடி மண்ணுக்குள்ளயே தான் இருக்கு, கிளை நிழலையும் தாண்டி வெளிய போயிருக்கும். அதனால தான் மரத்தடியில லாரி நிறுத்தாதேங்கறாங்க. இதெல்லாம் தெரிஞ்சுட்டு போனா பரீட்சை மட்டும் இல்ல, மறுநாள் வேலையே மாறும்.

ஆர்பரிஸ்ட் கையெழுத்துக்கு இவ்ளோ மதிப்பு ஏன்னு கேப்பீங்க. 2017 பிப்ரவரி 11ல பொட்டானிக் கார்டன்ல 270 வயசுன்னு சொன்ன டெம்புசு மரம் வேரோட சாஞ்சு, இந்தியாவுல இருந்து வந்து இங்க இருந்த ஒரு பெண் இறந்து போனாங்க. பாரம்பரிய மரம்னு பட்டியல்ல இருந்தது, முறையா பரிசோதனை பண்ணிட்டு வந்த மரம். "இந்த மரம் நிக்கும்"னு எழுதி குடுக்கறது அவ்ளோ கனமான வேலை, அதை காசு குடுத்து வாங்குன சர்ட்டிபிகேட்டை வச்சு பண்ணா ராத்திரி தூக்கம் வருமா?

இப்போ ஏஜென்ட் விவகாரம். இவங்க விக்கற சரக்கு மூணு விதமா பாத்திருக்கேன். ஒண்ணு, ரெண்டு நாள் வகுப்பு நடத்தி "கலந்து கொண்டார்"னு ஒரு அட்டை, தங்க கலர் பார்டர் எல்லாம் இருக்கும், அது கலந்துகிட்டதுக்கு தான், தகுதிக்கு இல்ல. ரெண்டாவது, உங்க பேர்ல ஐ.எஸ்.ஏ மெம்பர்ஷிப் போட்டு அந்த கார்டை குடுப்பாங்க, காசு கட்டுனா யாரு வேணா மெம்பர் ஆகலாம் தம்பி, மெம்பர் வேற சர்ட்டிபைடு வேற. மூணாவது ஆள் மாறாட்டம், பரீட்சை சென்டர்ல ஐடியை பாப்பாங்க, மாட்டினா அவன் தப்பிச்சுடுவான், நீங்க தான் பெட்டி கட்டணும். வாட்ஸ்அப்ல "ஒரிஜினல் கேள்வித்தாள்"னு 50 வெள்ளிக்கு ஓடுதே, அதையும் தொடாதீங்க. ஒருத்தர் சர்ட்டிபைடா இல்லையானு ஐ.எஸ்.ஏ வெப்சைட்லயே பேரு போட்டு பாக்கலாம், ஏஜென்ட் "என் தம்பிக்கு எடுத்து குடுத்தேன்"னு சொன்னா அந்த தம்பி பேரை கேட்டு தேடி பாருங்க, பேச்சு அதோட நின்னுடும்.

எஸ் பாஸ் கதை இன்னும் மோசம். மர சர்ட்டிபிகேட்டுக்கும் எஸ் பாஸுக்கும் நேரா தொடர்பு கிடையாது. எஸ் பாஸுக்கு விண்ணப்பம் போடறது கம்பெனி, கம்பெனிக்கு கோட்டா இருக்கணும், 2025 செப்டம்பர்ல இருந்து குறைஞ்சபட்ச சம்பளமே மாசம் 3,300 வெள்ளி, வயசு ஏற ஏற அதுவும் ஏறும். உங்க பாஸ் அந்த சம்பளம் குடுக்க தயாரானு பாஸை கேளுங்க, ஏஜென்டை கேட்டு என்ன ஆகப்போகுது. பெர்மிட் புதுப்பிக்க உங்ககிட்ட முதலாளி காசு கேட்டா அது சட்டப்படி குற்றம், எம்.ஓ.எம்-கிட்டயோ (மனிதவள அமைச்சு) வெளிநாட்டு தொழிலாளருக்கு உதவற மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டர்லயோ போய் சொல்லலாம்.

நடைமுறைக்கு என்ன பண்ணணும்னா, பாஸ்போர்ட்டை எடுத்து உங்க பேரு எப்படி இருக்குனு பாருங்க. அப்பா பேரு முன்னாடியா பின்னாடியா, இனிஷியலா முழுசானு, அதே எழுத்துல விண்ணப்பம் போடுங்க. பேரு ஐடியோட ஒத்துப்போகலைனு சென்டர் வாசல்ல இருந்து திரும்பி வந்தவங்க உண்டு, கட்டுன பணம் போச்சு. அப்புறம் ஐ.எஸ்.ஏ-வோட ஸ்டடி கைடு ஒண்ணு வாங்குங்க, டார்ம்ல (தொழிலாளர் விடுதி) நாலு பேரு சேந்து ஒரு புக் வாங்குனாலும் போதும், ஒரு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பாடம்னு ஒருத்தர் படிச்சு மத்தவங்களுக்கு தமிழ்ல சொல்லுங்க, ஆனா முக்கியமான வார்த்தையை இங்கிலீஷ்லயே மனசுல வைங்க, பரீட்சையில அந்த வார்த்தை தான் வரும். என்பார்க்ஸோட பயிற்சி மையமான சி.யு.ஜி.இ-ல மர வகுப்புகள் நடக்குது, கம்பெனி செலவுல அனுப்புவாங்களானு கேளுங்க, அரசாங்க மானியம் சிங்கப்பூர்காரங்களுக்கும் பி.ஆர்-க்கும் (நிரந்தரவாசிகள்) தான்.

இங்கிலீஷ் ரொம்ப கஷ்டம்னா, ஏறுறவங்களுக்குனே ட்ரீ ஒர்க்கர் கிளைம்பர்னு ஐ.எஸ்.ஏ-ல இன்னொரு தகுதி இருக்கு. 18 மாச ஏறுற அனுபவம், முதலுதவி பயிற்சி வேணும், எழுத்து பரீட்சையோட மரத்துல ஏறியும் காட்டணும். உங்க கைக்கு அது சுலபம். சம்பளத்துக்கு ஆர்பரிஸ்ட் அளவுக்கு பேசாது, ஆனா முதல் படியா வைக்கலாம்.

பாஸ் பண்ணிட்டா ஆயுசுக்கும் இல்ல, 3 வருஷம் தான். அதுக்குள்ள வகுப்பு, கருத்தரங்குனு போய் 30 பாயின்ட் சேக்கணும், இல்லைனா திரும்ப பரீட்சை. வாங்கி பிரேம் போட்டுட்டு மறந்து போய், காலாவதி ஆன கார்டை காட்டிட்டு திரியறவங்க எத்தனையோ பேரு.

முதல்ல அந்த லெட்டரை டைப் பண்ணுங்க. கையெழுத்து வந்ததும் போட்டோ எடுத்து ஊர்ல வீட்டுக்கும் ஒரு காப்பி அனுப்பி வைங்க, கம்பெனி எப்போ மூடும்னு உங்களுக்கே ஒரு தடவை அனுபவம் இருக்கு.