மிஞ்சிய டீயை என்ன செய்யலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மிஞ்சிப்போன டீ, வடிகட்டியில் தங்கும் டீத்தூள் இரண்டையும் பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். படிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்களிடம் மிஞ்சியது பால் கலந்ததா, கலக்காததா? பால் கலக்காத டிகாஷனுக்குப் பத்து வேலை உண்டு. பால் கலந்துவிட்டால் வழிகள் குறைவு, நேரமும் குறைவு.

வீட்டில் ஆறு பேர். காலையில் மொத்தமாக டீ போட்டு பிளாஸ்கில் ஊற்றிவிடுவேன். மதியம் இரண்டு டம்ளர் மிஞ்சுகிறது. திரும்பக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

வேண்டாம். ஊற்றும்போது ஆவி பறக்கிற அளவுக்கு, அதாவது 60 டிகிரிக்கு மேல், பிளாஸ்க் சூட்டைத் தாங்கினால் பிரச்சினை இல்லை. ஆனால் வாங்கி நாளான பிளாஸ்க் மூன்று மணி நேரத்திலேயே வெதுவெதுப்புக்கு இறங்கிவிடும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த அந்த வெதுவெதுப்பு கிருமிகளுக்கு மிகவும் ஏற்றது. மறுபடி கொதித்தால் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் அதற்குள் விட்டுவைத்த நச்சு கொதியிலும் அழியாது. வெளியே ஆறிய பால் டீக்கு இரண்டு மணி நேரம்தான் கெடு. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதற்கு நல்ல வழி, டீயையும் பாலையும் பிரித்து வைப்பது. ஆறு டம்ளருக்கு அரை லிட்டர் தண்ணீர், ஆறு டீஸ்பூன் டீத்தூள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தூளைப் போட்டு மூன்று நிமிடம் விட்டு, உடனே வடிகட்டுங்கள். பாலைத் தனியாகக் காய்ச்சி வையுங்கள். யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு அப்போது கலந்து, சர்க்கரையும் அப்போதே போடலாம். மிஞ்சுகிற டிகாஷன் ஆறியதும் மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் மாலை வரை நன்றாக இருக்கும். தூளோடு சேர்த்து அப்படியே வைத்துவிடாதீர்கள். தூள் ஊற ஊற துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும், பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அது அடங்காது.

ஃப்ரிட்ஜில் வைத்த டிகாஷன் கலங்கி, சேற்றுத் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. கெட்டுவிட்டதா?
– வாசகர், ஓசூர்

கெடவில்லை. டீயிலுள்ள காஃபினும் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பொடிப்பொடியாகத் திரள்வதால் வரும் கலங்கல் அது. கால் டம்ளர் கொதிநீர் ஊற்றிக் கலக்கினால் தெளிந்துவிடும். கெட்டி டிகாஷன்தான் அதிகம் கலங்கும். ஆகவே வைக்கும்போதே கொஞ்சம் தண்ணீர் சேர்த்து நீர்க்க வைத்துவிடுங்கள். நுரை, புளித்த வாடை, நூல் மாதிரி இழுபடுவது, இவைதான் கெட்டதற்கு அடையாளம்.

குளிர்ந்த டிகாஷனுக்கு நம் பக்கத்தில் மாம்பழக் காலத்தைப் போல நல்ல துணை வேறில்லை. ஒரு டம்ளர் டிகாஷன், ஒன்றரை டம்ளர் குளிர்ந்த தண்ணீர், அரை டம்ளர் பெங்களூரா மாம்பழக் கூழ், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. பெங்களூராவில் லேசான புளிப்பு உண்டு, அது டீயின் துவர்ப்போடு ஒத்துப்போகிறது. அல்போன்சா, மல்கோவா போட்டால் இனிப்பு திகட்டும். அவற்றோடு அரை மூடி எலுமிச்சை பிழிய வேண்டும். எலுமிச்சை விழுந்ததும் டீயின் நிறம் வெளுக்கும். புளிப்பு பட்டால் டீயின் நிறப்பொருள் அப்படித்தான் மாறும், பயப்பட வேண்டாம். ஐஸ் போட விரும்பினால் டிகாஷனையே ஐஸ் தட்டில் உறைய வைத்துப் போடுங்கள். சாதா ஐஸ் உருகினால் கடைசி வாயெல்லாம் வெறும் தண்ணீராகத்தான் இருக்கும்.

சற்று முன் போட்ட பால் டீயே இரண்டு டம்ளர் மிஞ்சிவிட்டால் கீழே ஊற்றுவதைத் தவிர வழி உண்டா?
– வாசகி, ஊத்தங்கரை

உண்டு, குச்சி ஐஸ். இரண்டு டம்ளர், சுமார் 300 மி.லி. டீயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு மேசைக்கரண்டி பால் பவுடர், ஒரு டீஸ்பூன் சோள மாவு, கூடுதலாக ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. சோள மாவைக் கொஞ்சம் ஆறிய டீயில் கரைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அடுப்பில் வைத்து ஒரு கொதி வந்ததும் ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியில் படிகிற பதம் வந்தால் போதும். ஏலக்காய் தட்டிப் போட்டு, ஆறியதும் அச்சில் ஊற்றி எட்டு மணி நேரம் உறைய வையுங்கள்.

டீயைச் சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக்குவதில்தான் பலருக்குக் கைதவறுகிறது. பால் சுண்டும்போது துவர்ப்பும் சேர்ந்தே சுண்டுவதால் ஐஸ் கசக்கும். கெட்டித்தன்மை பால் பவுடரிலிருந்து வர வேண்டும். சர்க்கரையைக் குறைத்தால் கல் மாதிரி உறையும்; உறைந்தபின் நாக்குக்கு இனிப்பும் மட்டுப்பட்டுத் தெரியும். காஃபின் இருப்பதால் சிறு குழந்தைகளுக்கு, அதிலும் இரவில், கொடுக்க வேண்டாம்.

கொண்டைக்கடலையை டீ ஊற்றி வேகவைத்தால் ஓட்டல் மாதிரி கருப்பாக வரும் என்கிறார்கள். எனக்குக் கசப்புதான் வந்தது.
– வாசகி, அரூர்

தூள் நேராகக் கடலையில் விழுந்திருக்கும், அல்லது டிகாஷன் அளவுக்கு மேல் போயிருக்கும். 200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முக்கால் டம்ளர் வடிகட்டிய டிகாஷன், இரண்டரை டம்ளர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு துண்டு பட்டை, ஒரு பிரிஞ்சி இலை. நான்கைந்து விசில் விட்டு, அடங்கியபின் திறந்து நசுக்கிப் பாருங்கள். போர்வெல் தண்ணீர் உப்புக் கடினமாக இருந்தால் கடலை வேகாமல் நிற்கும். அங்கே ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும், அதற்கு மேல் போட்டால் தோல் கழன்று குழையும்.

டீ இங்கே நிறத்துக்கு மட்டும்தான், ருசி மசாலாவில் இருக்கிறது. டீயின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். வீட்டில் கர்ப்பிணிகளோ ரத்தசோகை உள்ளவர்களோ இருந்தால் நிறத்தை விட்டுவிட்டு வெறும் தண்ணீரிலேயே வேகவையுங்கள். சாப்பிடும்போது மேலே எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். அவர்கள் டீயையும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது.

ஒரே டீத்தூளை இரண்டாம் முறை கொதிக்க வைக்கிறோம். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். டீக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், பென்னாகரம்

உண்டு. நம் இரண்டு மாவட்டத்தாரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. டீச்செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் செடி. கொழுந்தைவிட முற்றிய இலையில் அது அதிகம். கொதிக்கும்போது அது தண்ணீரில் இறங்கிவிடுகிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. தண்ணீரே அந்த அளவைத் தாண்டியிருக்கும் இடத்தில், டீ வேறு தன் பங்கைச் சேர்க்கிறது. பல்லில் பழுப்புக் கறை, நாள்பட எலும்பு இறுக்கம், மூட்டு வலி என்று நம் கிராமங்கள் பார்த்த துன்பம் கொஞ்சமல்ல. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புக் குறைப்பும் சேர்ந்திருப்பது அதனால்தான்.

கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, மிஞ்சிய தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். நாள் முழுக்க அடுப்பில் கிடந்து கொதிக்கிற டீயைவிட, மூன்று நிமிடத்தில் இறக்கிய டீ எப்போதும் மேல். ஒரு முறை கொதித்த தூளை மறுபடி குடிப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் ருசியும் மணமும் ஏற்கெனவே போய்விட்டன. டீக்கும் சோறுக்கும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர், பாத்திரம் கழுவப் போர்வெல் தண்ணீர் என்று குடத்தைப் பிரித்து வையுங்கள். குழந்தைகளுக்குப் பால் டீ கொடுக்கும் பழக்கத்தைக் கைவிட இதுவே போதிய காரணம்.

ரோஜாச் செடிக்கு தினமும் டீத்தூள் போடுகிறேன். இலை செழிக்கிறது, பூ இல்லை. எறும்பும் மொய்க்கிறது.
– வாசகி, தளி

தினமும் போடுவதுதான் சிக்கல். டீத்தூளில் தழைச்சத்து நிறைய, சாம்பல்சத்தும் மணிச்சத்தும் குறைவு. தழைச்சத்து மட்டும் கிடைத்தால் செடி இலை விட்டுக்கொண்டேயிருக்கும். எறும்பு வருவது தூளில் ஒட்டியிருக்கும் சர்க்கரைக்கு, புளித்த வாடை வருவது பாலினால்.

வடிகட்டியில் மிஞ்சும் தூளை வாளித் தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழிந்து, முறத்தில் மெல்லியதாகப் பரப்பி, கையில் எடுத்தால் உதிர்கிற அளவுக்குக் காயவையுங்கள். நல்ல வெயிலில் ஒரு நாள் போதும், ஐப்பசி மழையில் மூன்று நாளாகும். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு பிடி, இருபது நாளுக்கு ஒரு முறை. தண்டை ஒட்டிப் போடாமல் தொட்டி ஓரமாக இரண்டு அங்குல ஆழத்துக்குக் கிளறி மண்ணோடு கலந்துவிடுங்கள். மேலே குவித்து வைத்தால் தூள் காய்ந்து தகடாகி, தண்ணீரை உள்ளே விடாது. அதோடு தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி எலும்புத்தூள், வாழைப்பழத் தோலை நறுக்கிப் புதைப்பது, பழைய கிளைகளைக் கவாத்து செய்வது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் மொட்டு வரும். ஆறு மணி நேர வெயில் இல்லாத தொட்டியில் எந்த உரமும் பூ தராது.

மிஞ்சிய டிகாஷனை ஒன்றுக்கு மூன்று தண்ணீர் கலந்து வாரம் ஒரு முறை வேருக்கு ஊற்றலாம். நாற்றுக்கும் விதை போட்ட தட்டுக்கும் ஊற்றாதீர்கள், காஃபின் முளைப்பைத் தடுக்கும். டீத்தூள் மண்ணைப் புளிப்பாக்கும் என்ற நம்பிக்கையில் அதிகம் போடுகிறார்கள். காய்ச்சி முடித்த தூளுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு; நம் கடினத் தண்ணீர் அதையும் ஈடுகட்டிவிடும்.

டீக்கடை வைத்திருக்கிறேன். தினமும் இரண்டு மூன்று கிலோ ஈரத்தூள் சேர்கிறது. ஒருவர் விலை கொடுத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், பாலக்கோடு

எதற்கு என்று தெரியாமல் கொடுக்காதீர்கள். காய்ச்சிய தூளைக் காயவைத்துச் சாயம் ஏற்றி மறுபடி டீத்தூளாக விற்பது கலப்படக்காரர்களின் பழைய வழி. அதற்கு உங்கள் கடைத் தூள் போய்விடக் கூடாது. நீங்கள் வாங்கும் தூளையும் சோதிக்கலாம்: வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி மேலே தண்ணீர் தெளியுங்கள். உடனே தாளில் திட்டுத்திட்டாக நிறம் பரவினால் அது சாயம்.

தோட்டம் வைத்திருக்கும் தெரிந்தவருக்கு மட்குரத்துக்குக் கொடுங்கள். ஒரு கூடை ஈரத்தூளுக்கு மூன்று கூடை காய்ந்த சருகு. மாஞ்சருகு தடிப்பானது, மட்க நாளாகும், நொறுக்கிப் போட வேண்டும். கேழ்வரகுத் தாள் இருந்தால் இன்னும் நல்லது. வெறும் தூளை மட்டும் குவித்தால் காற்றுப் போகாமல் அழுகி நாறும். டீ பேக் பலவற்றில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும், கிழித்துத் தூளை மட்டும் எடுங்கள்.

தலைக்குப் பூசும் மருதாணிப் பொடிக்கு மிஞ்சிய டீ ஊற்றலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பால், சர்க்கரை இல்லாததை மட்டும். 100 கிராம் பொடிக்குச் சுமார் 300 மி.லி. வெதுவெதுப்பான டிகாஷனைச் சிறிது சிறிதாக ஊற்றி தோசைமாவு பதத்துக்குக் கரையுங்கள். இரும்புச் சட்டியில் வைத்தால் டீயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருக்கும், அதனால் நிறமும் ஆழமாகும். வெயில் காலத்தில் ஆறு மணி நேரம் ஊறினால் போதும். ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். எண்ணெய்த் தலையில் நிறம் பிடிக்காது, முதல் நாளே அலசிவிடுங்கள். கடையில் விற்கும் கருப்பு மருதாணியை இதோடு கலக்காதீர்கள். அதிலுள்ள ரசாயனச் சாயம் சிலருக்குக் கொப்புளம் போடும்.

பழைய வெள்ளைப் பருத்திச் சட்டைக்கு டீ நிறம் ஏற்ற முடியுமா?
– வாசகர், போச்சம்பள்ளி

முடியும், பருத்திக்கு மட்டும். பாலியஸ்டர் கலந்தால் வெளிறித் தெரியும். 200 கிராம் சட்டைக்கு 30 கிராம் படிகாரம், காய்ந்த டீத்தூள் 100 கிராம். சட்டையைச் சோப்பில் துவைத்து கஞ்சியெல்லாம் போக்குங்கள். படிகாரத்தை நான்கு லிட்டர் சூடான தண்ணீரில் கரைத்து, ஈரச்சட்டையை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். தூளைத் துணியில் முடிந்து இன்னொரு நான்கு லிட்டரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, முடிச்சை எடுத்துவிட்டுச் சட்டையைப் போட்டு, சிறுதீயில் முக்கால் மணி நேரம் கிளறிக்கொண்டேயிருங்கள். இரவு முழுக்க அதிலேயே ஆறட்டும். காய்ந்த சட்டையைப் போட்டாலோ கிளறாமல் விட்டாலோ திட்டுத்திட்டாகப் பிடிக்கும். இரும்புப் பாத்திரம் கூடாது, எவர்சில்வரே சரி. இரும்பு பட்டால் பழுப்பு நிறம் சாம்பல் கருப்பாக மாறிவிடும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் நன்றாக வெளுக்கும், அதற்கேற்ப ஆழமாக எடுங்கள். நிழலில் உலர்த்துங்கள்.

கண்ணாடி துடைக்க டீ நல்லதா? கிரானைட் மேடைக்கும் பயன்படுத்தலாமா?
– வாசகி, பர்கூர்

முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் நல்லது. ஆறிய, சர்க்கரையில்லாத டிகாஷனைத் துணியில் நனைத்துத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கிரானைட்டில், அதுவும் வெளிர் நிறக் கல்லில், கறை உள்ளே இறங்கிவிடும், அங்கே வேண்டாம்.