வானிலைக்கும் ஏசி, யூபிஎஸ் பழுதுகளுக்கும் தொடர்பு பார்க்க எந்தப் புள்ளியியல் முறை சரி?

சென்னைக் கிளைகளின் மூன்று வருடப் பழுதுப் பதிவு கையில் இருக்கிறது, வெப்பநிலையோடு கோரிலேஷன் (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்ற அளவு) பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நம் ஊரில் அக்னி நட்சத்திர வெயிலிலும் பழுது கூடும், நவம்பர் மழையிலும் கூடும். முதலாவதில் கம்ப்ரஸர் சூடேறிப் போகும், இரண்டாவதில் போர்டில் தண்ணீர் இறங்கிப் போகும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நேர்கோடு போட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, சம்பந்தமே இல்லை என்றுகூட விடை வரலாம்.

உங்களிடம் இருப்பது ஒரு நாளைக்கு எத்தனை பழுது என்ற எண்ணிக்கை. பாதி நாள் பூஜ்யமாகவே இருக்கும். அதனால் எண்ணிக்கைகளுக்கென்றே உள்ள பாய்சான் ரிக்ரஷனில் தொடங்குங்கள். அது சராசரியும் வேரியன்ஸும் (எண்ணிக்கை எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) சமம் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் பழுதுகள் கும்பலாக வருபவை என்பதால் வேரியன்ஸ் சராசரியைத் தாண்டி நிற்கும். அப்போது, அந்தக் கூடுதல் சிதறலுக்கு இடம் தரும் நெகட்டிவ் பைனாமியல் ரிக்ரஷனுக்கு மாறிவிடுங்கள். வெப்பநிலையை வளைகோடாக, ஸ்ப்லைன் (துண்டு துண்டாக இணைத்த வளைகோடு) போட்டு விடுங்கள். மழையைத் தனியாக, நேற்றைய, முந்தாநாள் அளவுகளோடு சேருங்கள். நனைந்த போர்டு அன்றைக்கே போக வேண்டும் என்று இல்லை.

பலர் கோட்டை விடுவது ஆஃப்செட்டில், அதாவது அன்று மெஷின்கள் எவ்வளவு ஓடின என்பதை மாடலுக்குச் சொல்லும் இடத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல பகுதிகளில் கரண்டே இல்லை. ஓடாத ஏசி எப்படிப் பழுதாகும்? கொட்டித் தீர்த்த நாளில் பதிவேடு பூஜ்யம் காட்டும், கரண்ட் வந்த பிறகு புகார்கள் மொத்தமாக வந்து விழும். இதை அப்படியே மாடலுக்குக் கொடுத்தால் கனமழை மெஷினுக்கு நல்லது என்று சொல்லிவிடும்! ஓடிய மணிநேரத்தின் லாகை (லாகரிதம்) ஆஃப்செட்டாக வையுங்கள். அது கிடைக்காவிட்டால் அன்று திறந்திருந்த கிளைகளில் உள்ள மெஷின்களின் எண்ணிக்கையாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பழுது திங்கட்கிழமைதான் பதிவாகும், அதனால் கிழமையையும் சேருங்கள்.

அப்புறம், எல்லாக் கிளைக்கும் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் அளவையே போடாதீர்கள். தாம்பரம் பக்கத்துக் கிளைக்கு மீனம்பாக்கம் நிலையம்தான் கிட்டே. கடல் காற்று தாமதமாக எட்டும் நாட்களில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

ஒவ்வொரு மெஷினும் எப்போது பொருத்தப்பட்டது என்ற தேதி இருந்தால், பழுதாகும்வரை எவ்வளவு காலம் ஓடியது என்று பார்க்கும் காக்ஸ் மாடல் இன்னும் நல்லது. வயதின் பங்கையும் வெயிலின் பங்கையும் பிரித்துக் காட்டும்.

எதுவானாலும் கடைசி வருடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் இரண்டு வருடத்தில் மாடலைப் பொருத்துங்கள். மாதமும் கிழமையும் மட்டும் உள்ள மாடலைவிட வானிலை சேர்த்த மாடல் அந்த வருடத்தை நன்றாகக் கணிக்கவில்லை என்றால், மேனேஜரிடம் வெயில் மேல் பழி போட வழியில்லை.