கரணம் இருக்கிறது, பலகை?

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டு வருடமாக ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறாள். இப்போது 13 வயது. ஸ்பிரிங்போர்ட் டைவிங்குக்கு, அதாவது துள்ளும் பலகையிலிருந்து கரணமடித்துத் தண்ணீரில் குதிக்கும் ஆட்டத்துக்கு, மாறச் சொல்கிறார் பயிற்சியாளர். கரணம் தெரிந்தவளுக்கு இரண்டு வருடம் போதுமாம். ஒன்றரை விநாடி ஆட்டம்தானே என்று எனக்கும் தோன்றுகிறது. சரியா? குதிக்குமுன் காலால் ஒரு சக்கரத்தை உருட்டுகிறார்களே, அது எதற்கு?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கரணம் சீக்கிரம் வந்துவிடும். இழுத்தடிப்பது பலகைதான். ஜிம்னாஸ்டிக்ஸ் தளத்தில் பாதம் பட்டதுமே எகிற வேண்டும். டைவிங்கில் அந்தப் பழக்கமே முதல் எதிரி. சுமார் 4.9 மீட்டர் நீள அலுமினியப் பலகை கீழே வளைந்து திரும்பி வர நேரம் எடுக்கும். அது தள்ளும்வரை பொறுத்து, அதோடு சேர்ந்து எழ வேண்டும். முந்திக்கொண்டு உதைத்தால் உயரம் கிடைக்காது, கடைசி அரைக்கரணத்துக்கு இடம் பற்றாது.

சக்கரம் மாற்றுவது இந்தப் பொறுமையின் அளவைத்தான். பலகையின் பின்முனை பூட்டப்பட்டிருக்கும். நடுவில் தாங்கும் உருளையைச் சக்கரம் முன்னும் பின்னும் நகர்த்தும். பின்னே போனால் பலகை தளரும், அதிகம் வளையும், மெதுவாகத் திரும்பும். முன்னே வந்தால் விறைக்கும். புதியவர்கள் உயரத்துக்கு ஆசைப்பட்டுத் தளர்த்திவிடுவார்கள். நடந்துவந்து ஒற்றைக் காலில் எழும்பி, இரு காலும் சேர்த்து நுனியில் இறங்குவதற்கு ஹர்டில் என்று பெயர். மெதுவாகத் திரும்பும் பலகை இன்னும் மேலே வந்துகொண்டிருக்கும்போதே அப்படி இறங்கினால் அடி முழுக்க முழங்காலுக்குத்தான்.

நுனியில் இறங்கும்போது உடல் பின்னே சாய்ந்தால் பலகையை ஒட்டியே சுற்ற நேரும். முன்னே பார்த்து எழும்பிப் பலகைப் பக்கமாகச் சுழலும் ரிவர்ஸ் குதிகளில் இது ஆபத்து. 1988 சியோல் ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் அமெரிக்க வீரர் கிரெக் லூகானிஸின் தலை பலகையில் இடித்தது அப்படியொரு குதியில்தான். தையல் போட்டுக்கொண்டு வந்து தங்கமும் வென்றார். அதைச் சொல்லி மகளுக்குத் தைரியம் ஊட்டவேண்டாம்.

பிறகு தண்ணீர். இத்தனை நாள் காலில் இறங்கியவள் இனி கையில் இறங்க வேண்டும். 3 மீட்டர் பலகையிலிருந்து வரும்போது வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொடும். ஒரு கை மறுகையைப் பிடித்து, உள்ளங்கை தண்ணீரைப் பார்க்க, முழங்கை பூட்டியபடி நுழைய வேண்டும். முழங்கை தளர்ந்தால் தலையில் அடி. தினமும் இதையே செய்வதால் மணிக்கட்டும் தோளும்தான் முதலில் கெடும்.

கடினமான குதிக்கு அவசரப்படுவதிலும் லாபமில்லை. ஏழு நடுவர்கள் தரும் மதிப்பெண்களில் மேலே இரண்டும் கீழே இரண்டும் கழித்து, மிச்சம் மூன்றைக் கூட்டிக் கடின அளவால் பெருக்குவார்கள். 3.1 அளவுள்ள மூன்றரைக் கரணத்துக்கு மூன்று எட்டு வாங்கினால் 74.4. 3.8 அளவுள்ள நாலரைக் கரணத்துக்கு மூன்று ஆறு என்றால் 68.4.

இது நிதானமாக வளரும் ஆட்டம். சீன வீராங்கனை வூ மின்ஷியா 2004இல் முதல் ஒலிம்பிக் தங்கமும் 2016இல், 30 வயதில், ஐந்தாவதும் வென்றார். எல்லாம் 3 மீட்டர் பலகையில். பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: 1 மீட்டர் பலகையில் கரணமே இல்லாமல், வெறும் ஹர்டிலும் நேர்க்குதியும் எத்தனை மாதம் செய்யவைப்பார்?