விளக்கு விக்கிற சைட்டோட சர்வருக்கு எந்த ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்)?

நாச்சியார்கோயில்ல குத்துவிளக்கு பட்டறை வச்சிருக்க ஒருத்தர் கேட்டிருக்கார்: வேர்ட்பிரஸ் சைட்ல வூகாமர்ஸ்ங்கிற கடை பிளகின் போட்டு விளக்கு விக்கிறோம், கார்த்திகை வந்தா ஷேர்டு ஹோஸ்டிங் (பல சைட்டுக்குப் பொதுவான சர்வர்) கூட்டம் தாங்காம படுத்துடுது, அதனால டெடிகேட்டட் சர்வர் (எங்களுக்கு மட்டும் தனி) எடுத்தாச்சு. அதுல போட்டுக்கக் குடுத்த ஓஎஸ் லிஸ்ட்ல விண்டோஸ் சர்வர், அல்மாலினக்ஸ், டெபியன், உபுண்டு, சென்டோஸ் 7 இருக்கு, தம்பிக்கு விண்டோஸ்தான் தெரியும், அதையே போட்டுக்கலாமா?

வேண்டாம்ணே. வீட்டு கம்ப்யூட்டர்ல விண்டோஸ் பழகுனது வேற, சர்வர கட்டி மேய்க்கிறது வேற. மைக்ரோசாஃப்டோட பழைய ஏஎஸ்பி டாட் நெட்ல எழுதுன சாஃப்ட்வேர் எதாச்சும் ஓட்டணும்னா சரி, உங்க வேர்ட்பிரஸ்ஸுக்கு வேண்டியது பிஹெச்பிங்கிற மொழியும் மைசீக்வல்ங்கிற டேட்டாபேஸும்தானே, அதுக்குப் போய் ப்ராசஸர்ல கொறஞ்சது 16 கோருக்கு லைசென்ஸ் காசு எதுக்கு அழுவணும்.

சென்டோஸ் 7 பக்கமே போவாதீங்க, 2024 ஜூன் 30-ஓட அதுக்கு அப்டேட் நின்னாச்சு. நான் மொதல்ல பாக்குறது வேகம் கீகம் இல்லண்ணே, எந்த வருசம் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும்னுதான், ஏன்னா சென்டோஸ் 8 2029 வரைக்கும் வரும்னு நம்பிப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன், 2020 டிசம்பர்ல திடீர்னு அறிவிச்சாங்க, 2021 கடைசியோட கத முடிஞ்சுது. அந்த எடத்துக்குதான் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்துச்சு. அல்மா 9-க்கு 2032 மே வரைக்கும் இருக்கு, உபுண்டு 24.04-க்கு 2029.

டெபியன் எனக்கு ரொம்பப் புடிக்கும், ஆனா அதுல சிபேனல் (கமாண்ட் அடிக்காம கிளிக் பண்ணியே சர்வர மேய்க்கிற பேனல்) ஓடாது. பேனல் வேணும்னா அல்மா 9 போடுங்க. பேனல் வேணாம், தம்பியே கமாண்ட் அடிச்சுக் கத்துக்கிறேன்னா உபுண்டு, எந்த எரர போட்டுத் தேடுனாலும் யாராச்சும் பதில் எழுதி வச்சிருப்பாங்க.

பேனல் இல்லாம அல்மா போட்டா எஸ்ஈலினக்ஸ்னு ஒரு காவக்காரன் ஆன்லயே இருப்பான், ஒவ்வொரு ஃபைல் மேலயும் இருக்கிற லேபிளப் பாத்துதான் உள்ள விடுவான். திருவாரூர்ல ஒரு வெத நெல்லுக் கடைக்கு சைட் போட்டப்ப ஃபோட்டோவெல்லாம் ஹோம் ஃபோல்டர்ல ஏத்தி அங்கேர்ந்து சைட் ஃபோல்டருக்கு எம்வி (நகத்துற கமாண்ட்) பண்ணேன், ஒரு படமும் வரல, 403, அதாவது அனுமதி இல்லன்னு எரர். யார் வேணாலும் என்ன வேணாலும் செய்யலாம்ங்கிற 777 பர்மிஷன் கூட குடுத்துப் பாத்தேன் (அத நீங்க செய்யாதீங்க), அசையல. ராத்திரி ஒரு மணிக்கு லேபிளக் காட்டுற எல்எஸ் -இசட் (ls -Z) கமாண்ட் அடிச்சுப் பாத்தா ஃபைல் மேல ஹோம் ஃபோல்டரோட லேபிள் அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு, நகத்துனா லேபிளும் கூடவே வரும், காப்பி பண்ணாதான் புது எடத்து லேபிள் விழும். லேபிளச் சரி பண்ற ரீஸ்டோர்கான் -ஆர்வி (restorecon -Rv) ஒரே கமாண்ட், படமெல்லாம் வந்துடுச்சு. அதுக்காக அந்தக் காவக்காரன ஆஃப் பண்ணிடாதீங்க, நம்ம சோம்பேறித்தனத்துக்கு அவன் என்ன பண்ணுவான்.

இன்னொண்ணு, புது சர்வருக்கு மாத்துறத ஐப்பசியிலயே முடிச்சுடுங்க. முந்துன நாளே டிஎன்எஸ்ல (சைட் பேர் எந்த சர்வருக்குப் போவணும்னு சொல்ற பதிவு) டிடிஎல்ல, அதாவது பழைய பதில எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சுக்கலாம்ங்கிற கணக்க, 300 செகண்டுக்குக் கொறைச்சு வைங்க, மாத்துற நேரத்துல பழைய சைட்ல ஆர்டர நிறுத்திடுங்க, இல்லன்னா பாதி ஆர்டர் அங்க போய் விழும். பழைய ஹோஸ்டிங்க ஒரு வாரம் கழிச்சு கேன்சல் பண்ணா போதும்.