மூளை ஆர்கனாய்டின் நடுப்பகுதி கருத்துப்போவது பற்றி

40 நாள் தாண்டியதும் மூளை ஆர்கனாய்டின் (ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் சிறு மூளைத்திசு உருண்டை) நடு கருத்துவிடுகிறது, தொற்றா என்று கேட்டிருந்தீர்கள். வளர்ப்பூடகம் (செல்களை வளர்க்கும் சத்துத் திரவம்) தெளிவாகவே இருக்கிறது என்கிறீர்களே, அப்படியானால் தொற்றாக இருக்க வாய்ப்புக் குறைவு. (மைகோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா மட்டும் ஊடகத்தைக் கலங்கலாக்காது, அதற்குத் தனியாகச் சோதித்துவிடுங்கள்.)

2013-இல் ஆய்வாளர் மேடலின் லங்காஸ்டர் இடம்பெற்ற குழு மூளை ஆர்கனாய்டை வளர்த்த காலத்திலிருந்தே இருக்கும் தொல்லை இது. உள்ளே இரத்தக் குழாய் கிடையாது. ஆக்சிஜன் வெளியிலிருந்து ஊடுருவித்தான் போகவேண்டும். சில நூறு மைக்ரோமீட்டருக்கு மேல் எட்டாது. உருண்டை மில்லிமீட்டர் கணக்கில் பெருத்ததும் நடுச் செல்கள் மடிகின்றன. ஆட்டும் மேடையில் வைத்தாலும் ஓரளவுதான் பயன்.

என்னைக் கேட்டால், வைப்ரடோமில் (அதிரும் கத்தியால் திசுவைச் சீவும் கருவி) 300 மைக்ரோமீட்டர் துண்டுகளாகச் சீவி, காற்றும் ஊடகமும் சந்திக்கும் சவ்வின்மேல் வளர்த்துப் பாருங்கள். 2019-இல் லங்காஸ்டரின் குழு இப்படி வளர்த்தபோது செல்கள் பிழைத்ததோடு, நரம்பிழைகளும் கற்றைகற்றையாக நீண்டன.