வீடு-மனை கேள்வி பதில்: "இங்கே தண்ணியே வராது சார்!"

வேளச்சேரி பக்கம், 2012-இல் கட்டிய அடுக்ககத்தில் தரைத்தள வீடு பார்த்திருக்கிறோம். 'இங்கே தண்ணியே வராது' என்கிறார் விற்பவர். வெள்ளம் வராது என்று அரசிடம் சான்று வாங்க முடியுமா?
– வாசகர், மடிப்பாக்கம்

தனி வீடு வாங்குபவருக்கு அப்படிச் சான்று தரும் அலுவலகம் கிடையாது. ஆனால் மனைப்பிரிவுக்கோ பெரிய கட்டடத்துக்கோ அனுமதி கேட்கும் கட்டத்தில், நீர்வளத்துறையிடம் (முன்பு பொதுப்பணித்துறை) 'வெள்ளப் பாதிப்பு நோக்கில் தடையின்மைச் சான்று' வாங்கும் நடைமுறை உண்டு. மனையை எந்த மட்டம் வரை மண் கொட்டி உயர்த்த வேண்டும், மழைநீர் எந்த வாய்க்காலுக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். அதன் நகலை விற்பவரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ கேளுங்கள். சான்று இருப்பதாலேயே நிம்மதி அடைந்துவிட வேண்டாம். சொன்ன உயரத்துக்கு உண்மையில் மண் கொட்டினார்களா என்பதுதான் கேள்வி.

அடுத்தது நிலப் பதிவு. தமிழ்நாடு அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்தில் சர்வே எண் கொடுத்து அ-பதிவேட்டை (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) பாருங்கள். நகர நில அளவை ஆன பகுதியென்றால் டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகலில் பழைய சர்வே எண்ணைத் தேடிப் பிடியுங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். பலர் கவனிக்காத சொல் 'நஞ்சை'. பட்டா நிலம்தான், வில்லங்கமும் இருக்காது. ஆனால் ஏரிப் பாசன நஞ்சை என்றால் மதகைத் திறந்தவுடன் தண்ணீர் தானாகப் பாய்ந்த நிலம். அதாவது ஏரியைவிடத் தாழ்வானது. மேலே வீடு கட்டிவிட்டதால் தண்ணீர் வழியை மறந்துவிடாது. சுற்றியுள்ள சர்வே எண்களையும் புலப்படத்தில் (நில எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம்) பாருங்கள். உங்கள் மனை சுத்தமாக இருந்து, பக்கத்து எண் வாய்க்காலாக இருந்து, அந்த வாய்க்கால் இன்று தெருவாக இருந்தால் மழைநாளில் அந்தத் தெருதான் வாய்க்கால்.

வேளச்சேரி என்ற பெயரில் இருப்பது 'சேரி', 'ஏரி' அல்ல என்று வாதாடுவார்கள். பெயரில் இல்லாவிட்டால் என்ன, ஊரில் ஏரி இருக்கிறதே! ஆதம்பாக்கம் பக்கத்து நீர் வீராங்கல் ஓடை வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் பின்னால் தேங்கும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

பிறகு நேரில் போங்கள். கொத்தனாரின் லெவல் டியூபை எடுத்துச் செல்லுங்கள். கூகுள் எர்த் காட்டும் உயரத்தில் சில மீட்டர் பிழை இருக்கலாம். இரண்டடி வித்தியாசத்தில் வாழ்வா சாவா என்று முடிவாகும் இடத்தில் அது உதவாது. 10–15 மீட்டர் தெளிவான குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையைப் பக்கத்து மதிலில் உள்ள பழைய வெள்ளக் கறையில் பிடித்து, மறுமுனையில் நீர் நிற்கும் மட்டத்தை நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் சுவரில் கோடு போடுங்கள். கோட்டுக்கும் வீட்டின் உள்தரைக்கும் உள்ள தூரம்தான் உள்ளே நின்ற தண்ணீர். அளக்கும்போது இரு முனையும் திறந்திருக்க வேண்டும். கட்டைவிரலால் ஒன்றை மூடினால் மட்டம் பொய் சொல்லும். கறைக்கு வெள்ளை அடித்திருந்தால் மின் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் எல்லா மீட்டர்களும் தலைக்கு மேலே ஏறியிருந்தால் காரணமில்லாமல் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

தெருமுனை இஸ்திரிக்காரரிடம் 'எவ்வளவு வந்தது' என்பதோடு 'எத்தனை நாள் நின்றது' என்றும் கேளுங்கள். மூன்று மணி நேரத்தில் வடிந்த முழங்கால் தண்ணீரைவிட, மூன்று நாள் நின்ற கணுக்கால் தண்ணீர் சுவருக்குக் கெடுதல். தரைத்தளத்தில் இன்னொரு தொல்லை, கழிவறை வழியே சாக்கடை எதிர்த்து வருவது. கழிவுநீர்த் தொட்டியான சேம்பருக்கு முன் நான்-ரிட்டர்ன் வால்வு (நீரை எதிர்த்து வரவிடாத அடைப்பான்) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்ட தெருவென்றால், 2012-இல் உயரமாக இருந்த வாசல் இப்போது பள்ளமாகியிருக்கும்.

வீட்டுக்கடன் தரும்போது 'இன்சூரன்ஸ்' என்று ஒரு தொகை பிடித்தார்கள். வெள்ளச் சேதம் அதில் வருமா? வெள்ளக் காப்பீடு கட்டாயமா?
– வாசகி, முடிச்சூர்

பாலிசி அட்டவணையை எடுத்து, காப்பீடு எதற்கு என்று பாருங்கள். பெரும்பாலும் கடன் வாங்கியவரின் உயிருக்கு எடுத்ததாக இருக்கும். வீடு முழுகினாலும் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. வெள்ளக் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் இந்தியாவில் வீட்டு உரிமையாளர்களுக்கு இல்லை. ஆனால் கடன் ஒப்பந்தத்தில், கடன் தீரும்வரை கட்டடம் காப்பீட்டில் இருக்க வேண்டும், பாலிசியில் வங்கியின் பெயர் சேர வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். அது இருந்தால் உங்களுக்குக் கட்டாயம்தான். வங்கி கைகாட்டும் நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை.

எடுக்க வேண்டியது 'பாரத் கிருஹ ரக்‌ஷா'. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவுப்படி 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் பொது வடிவ வீட்டுப் பாலிசி இது. தீ, புயல், வெள்ளம், நீர் தேக்கம் எல்லாம் அடிப்படையிலேயே உண்டு. வெள்ளத்துக்கென்று தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

தொகை குறிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 80 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 80 லட்சத்துக்குக் காப்பீடு செய்ய வேண்டியதில்லை, நிலத்தை வெள்ளம் கொண்டுபோவதில்லையே. கார்பெட் பரப்பை (சுவர்களுக்கு உள்ளே புழங்கும் இடம்) இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். 1,000 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 25 லட்சம். வீட்டுப் பொருள்களையும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், பட்டியல் கொடுக்காமலே அடங்கும். இங்கே அது 5 லட்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியல் தர வேண்டும். நகைக்குத் தனி விருப்பச் சேர்க்கை உண்டு. ரொக்கமும் வாகனமும் இதில் வராது. மொட்டைமாடிக் கசிவால் மெல்ல மெல்ல ஊறிய ஈரத்தை 'வெள்ளம்' என்று எழுதினால், சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தண்ணீர் வந்தால் நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி இழப்பீட்டுக் கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் தெரிய, சுவரோரம் அளவு நாடாவைப் பிடித்துப் படமெடுங்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்புறம் ஒட்டியுள்ள வரிசை எண்ணும் படத்தில் விழட்டும். துர்நாற்றம் தாங்காமல் மெத்தை, சோபாவைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு அப்புறம் சர்வேயரைக் கூப்பிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. கழிக்கத்தான் வேண்டுமென்றால் படமெடுத்து, நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுக் கழியுங்கள்.

ஸ்டில்ட் பார்க்கிங்கில் (அடுக்ககத்துக்கு அடியில் தூண்களுக்கிடையே உள்ள நிறுத்தம்) நின்ற கார் மூழ்கியது. வீட்டுப் பாலிசியில் கேட்கலாமா?
– வாசகர், பெரும்பாக்கம்

கேட்க முடியாது. காரின் சொந்தச் சேதப் பாலிசியில் வரும், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் இல்லை. தண்ணீர் வடிந்ததும் 'ஓடுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருகாதீர்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினை இயக்கி வரும் பழுதை, இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை இல்லாவிட்டால் மறுத்துவிடுவார்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

கீழே மளிகைக்கடை, மேலே வீடு. 2023-க்கு முன் எங்கள் தெருவில் வெள்ளமே பார்த்ததில்லை. பாலிசி தேவையா?
– வாசகர், தூத்துக்குடி

2023 டிசம்பரில் உங்கள் மாவட்டக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. 'பார்த்ததில்லை' என்பது உங்கள் மாவட்டத்தில் இனிச் செல்லாது. வீட்டுப் பாலிசி கடைச் சரக்கைக் காக்காது. கடைக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்‌ஷா' எடுங்கள், ஓரிடத்தில் சொத்து மதிப்பு 5 கோடி வரை உள்ள சிறு தொழில்களுக்கானது. பொங்கல், தீபாவளிக்கு முன் சரக்கு எவ்வளவு ஏறும் என்று பார்த்துத் தொகை சொல்லுங்கள். கொள்முதல் பில்களைக் கல்லாவுக்கு அடியில் வைக்காமல் மாடியில் வையுங்கள்.