சித்தாள் அம்மாவின் மகள் கொத்தனார் ஆகலாமா?

அம்மா, வணக்கம்.

போன வாரம் அல்சூரில் பார்த்தபோது, "பதினெட்டு வருஷமா பெங்களூருல சாந்துச் சட்டி தூக்குறேன். ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணும் அதையே தூக்கணுமா?" என்று கேட்டீர்கள். பென்னாகரம் பக்கம் பாட்டி வீட்டில் இருக்கும் உங்கள் மகள், மண்கல் கட்டடப் பயிற்சிக்குப் போயே தீருவேன் என்கிறாள். அன்றைக்கு அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொன்னேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

நீங்கள் பயப்படுவது சித்தாள் வேலையை நினைத்து. அவள் கேட்பது கொத்து வேலை. இத்தனை வருஷத்தில் எந்த மேஸ்திரியாவது உங்கள் கையில் கரண்டியும் தூக்குக்குண்டும் கொடுத்து, "நாலு வரிசை கட்டு" என்று சொன்னதுண்டா? உங்களுக்குப் பின்னால் வந்த பையன்கள் எத்தனை பேர் கொத்தனார் ஆகிவிட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வேலையிடத்தில் பெண்ணுக்குக் கிடைக்காத கரண்டி பயிற்சியிலாவது கிடைக்க வேண்டும். அதனால் சேரும் முன் ஒன்றைக் கேளுங்கள்: எத்தனை நாள் அவள் தன் கையால் சுவர் எழுப்புவாள்? உட்கார்ந்து படம் பார்க்கிற பயிற்சி என்றால் வேண்டாம்.

மண் என்றதும் மழையில் கரையும் குடிசையை நினைக்காதீர்கள். சலித்த செம்மண்ணில் மணலும், 5 முதல் 8 சதவீதம் சிமெண்டும் கலந்து மெஷினில் அழுத்திய கல் இது. சூளை கிடையாது, விறகு கிடையாது. இந்தக் கல் பெங்களூருக்குப் புதிதும் இல்லை. இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் கிராமங்களுக்காகத் தொடங்கிய ஆஸ்ட்ரா பிரிவு இதை வளர்த்தெடுத்தது. வித்யாரண்யபுரத்தில் கட்டடக் கலைஞர் சித்ரா விஸ்வநாத்தின் சொந்த வீடே மண் வீடுதான். இந்தச் சுவரைப் பெரும்பாலும் பூசாமல் அப்படியே விடுவார்கள். ஒரு கல் கோணினாலும் கண்ணில் படும். வேலை சுத்தமான ஆளைத் தேடுவது அதனால்தான்.

சரி, தொழிலுக்கு வருவோம். பயிற்சி முடிந்ததும் மெஷின் வாங்கிக் கல் போடும் யூனிட் வைக்கப் போவதாக அவள் சொன்னாள் அல்லவா? அங்கேதான் எனக்குத் தயக்கம். கல் அடித்ததும் விற்க முடியாது. மூன்று நாலு வாரம் தண்ணீர் தெளித்து ஈரம் காத்து இறுக விட வேண்டும். ஆனால் கூலி சனிக்கிழமை சனிக்கிழமை போயாக வேண்டும். ஐந்து பேர், ஆளுக்கு நாளைக்கு 600 ரூபாய், வாரம் ஆறு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கல் விற்கும் முன்பே நாலு வாரக் கூலி 72,000 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். சிமெண்ட், மண் வண்டி, மெஷின் எல்லாம் தனி. முத்ரா கடனில் சிசு என்கிற ஆரம்பப் பிரிவின் உச்சவரம்பு 50,000 ரூபாய்தான். பிரதமரின் வேலை உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்ணுக்கு 35 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் அது வங்கியில் மூன்று வருஷம் டெபாசிட்டாகக் கிடக்கும், கையில் வராது. மானியத்தை நம்பி மெஷின் வாங்கிவிட்டு, மழைக்காலத்தில் கல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்துக் கொண்டு உட்கார வேண்டாம்.

அதனால் என் யோசனை: முதல் வருஷம் மெஷின் வேண்டாம். பயிற்சியில் கூடப் படித்த இரண்டு மூன்று பெண்களோடு சேர்ந்து, சதுர அடிக் கணக்கில் கூலி பேசிச் சுவர் மட்டும் கட்டட்டும். கல்லும் சிமெண்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. வரவு செலவை அவளே நோட்டில் எழுதட்டும். இதை அண்ணன் கையில் விட்டால் அவள் மறுபடியும் கூலிக்காரிதான்.

பயிற்சிக்கு முதலில் தருமபுரியில் வங்கி நடத்தும் ஆர்செட்டியில், அதாவது ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில், கேளுங்கள். பதினெட்டு வயது நிறைந்த கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி, தங்கல், சாப்பாடு எல்லாம் இலவசம். முடிந்த பிறகும் இரண்டு வருஷம் தொடர்பில் இருந்து கடனுக்கு வழி காட்டுவார்கள். கட்டட வேலைப் பயிற்சி எப்போது என்று கேட்டுவிட்டுப் போங்கள். எல்லாப் பயிற்சியும் எல்லா மாதமும் நடக்காது.

அப்புறம், உங்களுக்கு லேபர் கார்டு இருக்கிறதா? கடைசி பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்து அந்தக் கார்டை வாங்கலாம், பிள்ளைகள் படிப்புக்கும் உதவி உண்டு. ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அவளும் ஊரிலிருந்து வந்தால் கூட்டி வாருங்கள். அந்த 72,000 கணக்கை அவளே ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.